வெட்டியெடுத்த அந்தத் தகட்டை எங்களிடமே கொடுங்கள்

தமிழ்நாடு போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கும், பதிவு பெற்ற வாகன உடைப்பு மையங்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

சேலம் கோரிமேட்டிலிருந்து எழுதுகிறேன். 1991-லிருந்து ஏற்காடு மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் பிழைத்தவன் நான். முதல் ஒன்பது வருடம் ஒரு காப்பித் தோட்டத்து ஜீப் ஓட்டினேன். 2000-ஆம் ஆண்டு ஐப்பசியில், கடனும் வீட்டுக்காரியின் நகையும் சேர்த்துச் சொந்தமாக ஒரு டீசல் அம்பாசடர் வாங்கினேன். 25 வருடம் அது என்னோடு இருந்தது. போன ஐப்பசியில் வேறு மாவட்டத்தில் உள்ள ஓர் உடைப்பு மையத்தில் அதை ஒப்படைத்துவிட்டு, பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

நான் கேட்பது ஒரு துண்டுத் தகடு. பழைய வண்டிகளை உடைப்பதற்கென்று மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிகளில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் தகட்டில் தனியாக அடித்திருக்கும் அடையாள எண்தான் சேசிஸ் நம்பர். வண்டியை உடைக்கும்போது அந்த நம்பர் உள்ள பகுதியைத் தனியாக வெட்டி எடுக்க வேண்டும். உடைத்ததற்கான சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதம் அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதம் முடிந்த பிறகு அதை வண்டிக்காரனிடம் கொடுத்துவிடுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்வதற்குத்தான் மீதி மடல் முழுவதும். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படிக்க வேண்டும்.

ஏற்காட்டுக்கு நீங்களும் காரில் போயிருப்பீர்கள். அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவு. சேலத்திலிருந்து மேலே போய்ச் சேர்வதற்குள் வண்டி ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். பின்சீட்டில் வருகிறவர்கள் குரங்கையும் பள்ளத்தாக்கையும் பார்த்துக்கொண்டு வருவார்கள். ஓட்டுகிறவன் காதால் ஓட்டுவான். எஞ்சின் திணறத் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் கியரைக் குறைத்துவிட வேண்டும். அந்த ஒரு நொடியை எந்த மீட்டரும் காட்டாது. அந்த வண்டியோடு பழகியவனுக்கு மட்டும்தான் அது கேட்கும். வேறு வண்டியில் வேறு சத்தம். புது டிரைவர் ஒருவரை என் வண்டியில் உட்கார வைத்தால் மூன்றாவது வளைவிலேயே நிறுத்திவிடுவார். நானும் அவர் வண்டியில் அப்படித்தான் நிறுத்துவேன்.

என் வண்டியில் கியர்த் தண்டு ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும். சில வருடம் ஓடியபிறகு இரண்டாவது கியர் சொல்லாமல் கொள்ளாமல் துள்ளி வெளியே வந்துவிடும். பட்டறையில் இரண்டு தடவை பார்த்தும் முழுதாகச் சரியாகவில்லை. அதனால் வளைவை ஒடிக்கும்போது இடது கையின் இரண்டு விரலைக் கியர்த் தண்டின் மேல் வைத்து அழுத்தியபடியே ஓட்டப் பழகிக்கொண்டேன். இப்போது ஆக்டிங் டிரைவராகப் பிறர் கார்களை ஓட்டுகிறேன். அவற்றில் கியர் இருப்பது தரையில். ஆனாலும் வளைவு வந்தால் என் இரண்டு விரல் நீண்டு காற்றில் நிற்கிறது. ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "கையில என்னங்க, சுளுக்கா?" என்று கேட்டார்.

மார்கழியில் ஏற்காட்டில் ராத்தங்கல் போட்டால் காலையில் டீசல் வண்டி உடனே எழுந்திருக்காது. ஹீட்டர் பிளக் சூடாகும்வரை சாவியைப் பாதி திருப்பி வைத்துக் காத்திருக்க வேண்டும். ஒண்டிக்கடை முனையில் பனி நின்றுகொண்டிருக்கும். டீக்கடையில் அப்போதுதான் அடுப்பு பற்றவைத்திருப்பார்கள். அந்த அரை நிமிடம் நான் டேஷ்போர்டைத் தடவிக்கொடுத்து, "எழுந்திருடா ராசா, சவாரி இருக்கு" என்பேன். ஸ்டாண்டில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை, ஏனென்றால் அவரவர் வண்டியிடம் அவரவரும் ஏதோ பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். எங்களில் மூத்தவர் ஒருவர் தன் வண்டியைப் பெண்பிள்ளையாகவே வைத்திருந்தார். "இன்னிக்கு அவளுக்கு மூச்சு வாங்குது" என்று சொல்லி வந்த சவாரியை அடுத்த வண்டிக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்.

இடது பின் ஜன்னலின் கண்ணாடி இறங்கி உள்ளே விழுந்துவிடும். சில்வர் ஓக் மரத்தில் ஒரு சின்ன ஆப்பு செதுக்கிச் செருகியிருந்தேன். 2004-லிருந்து கடைசி நாள்வரை அதே ஆப்புதான். பின்சீட்டுக்கு அடியில் காப்பிக் கொட்டை வாசனையும் மிளகு வாசனையும் என்ன கழுவினாலும் போகாது. முன் கண்ணாடியில் "சேர்வராயன் துணை" என்று எழுதி ஒட்டியிருந்தேன். வெயிலில் வெளுத்து, கடைசியில் "துணை" மட்டும் தெரிந்தது.

இதையெல்லாம் சொன்னால், இரும்புச் சாமானுக்கு இவ்வளவு உருக வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் சொந்தத் தம்பியே கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2007-ல், நல்ல மழைக்காலம். மேலே ஒரு கிராமத்திலிருந்து மிளகு மூட்டையும் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலை இறங்கியிருப்பேன், ஒரு வளைவைத் தாண்டியதும் பிரேக் பெடல் தரைவரை போனது. திரும்ப மிதித்தேன், காற்றை மிதிப்பதுபோல் இருந்தது. மாஸ்டர் சிலிண்டர் கிட் போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. நல்லவேளை வண்டி இரண்டாவது கியரில் இருந்தது. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் வாழ்க. சக்கரம் எஞ்சினைச் சுற்ற வேண்டி வரும்போது எஞ்சின் வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டு டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று இறங்குகிறவனுக்கு அந்தப் பிடி கிடைக்காது. கிளட்சை இரண்டு முறை மிதித்து, முதல் கியருக்குத் தள்ளினேன். எஞ்சின் அலறிய அலறலில் பின்னால் இருந்த அம்மா "ஐயோ சாமி" என்று கத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மலைச்சுவர்ப் பக்கச் சாக்கடையில் இடது சக்கரங்களை இறக்கினேன். அறுபது எழுபது அடி தேய்த்துக்கொண்டே போய் நின்றது. எல்லோரும் இறங்கினோம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வண்டியின் இடது பக்கம் முன்னிருந்து பின்வரை உரிந்திருந்தது.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். கியர் பிடித்தது, எஞ்சின் இழுத்தது, சாக்கடை தடுத்தது. எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல முடியும். ஆனாலும் எல்லோரும் அடுத்த வண்டியில் ஏறிப் போன பிறகு, மழையில் தனியாக நின்று அதன் பானட்டில் இரண்டு கையையும் வைத்துக் கும்பிட்டேன். பானட் சூடாக இருந்தது. நாலு உயிரோடு அன்றைக்கு நின்றது அந்த வண்டி. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மலைப்பாதையில் ஓட்டிய எந்த டிரைவரிடமும் இப்படி ஒரு கதையாவது இருக்கும். அந்தப் பக்கம் சங்ககிரிக்குப் போனால் லாரிக்காரர்களிடம் இதைவிடப் பெரிய கதைகள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு லாரிக்காரர் வண்டியை விற்றபோது, முன்னால் பிள்ளைகள் பெயர் எழுதியிருந்த பலகையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார். அது இன்றைக்கும் அவர் வீட்டு நடையில் மாட்டியிருக்கிறது.

சரி, அவ்வளவு பாசம் இருந்தால் ஏன் கொடுத்தாய் என்று கேட்பீர்கள்.

வாடகைக்கு ஓட்டிய காலம் 2012-ஓடு முடிந்தது. ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏசி வைத்த புது வண்டி கேட்கத் தொடங்கியிருந்தார்கள், அதில் தப்பு இல்லை. மஞ்சள் போர்டை வெள்ளையாக மாற்றி, வீட்டுக்கென்று வைத்துக்கொண்டேன். 2015-ல் 15 வருடம் முடிந்தது, ஆர்.சி.யைப் புதுப்பித்தேன். 2020-ல் மறுபடியும் புதுப்பித்தேன். அடுத்த தவணை 2025 ஐப்பசி. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியிருந்தார்கள். அதற்காக நான் கொடுக்கவில்லை. பத்தாயிரத்தை எப்படியாவது புரட்டியிருப்பேன்.

துருதான் காரணம். அம்பாசடருக்கு லாரி மாதிரித் தனியாகச் சேசிஸ் கிடையாது. உடம்பே அதற்கு எலும்பு. அடித்தளத்தில் துரு ஏறினால் மொத்த வண்டியும் பலம் இழந்துவிடும். மலைப் பனியிலும் மழையிலும் 25 வருடம் நனைந்த வண்டி. அஸ்தம்பட்டிப் பக்கம் டிங்கர் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அடியில் படுத்துப் பார்த்தார். ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். தகட்டுக்குள் அது பிடிவரை இறங்கியது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, வெல்டிங் வெச்சு டவுனுக்குள்ள ஓட்டலாம். மலை மட்டும் ஏத்தாதீங்க" என்றார்.

மலை ஏறக் கூடாத அந்த வண்டியை வாசலில் நிறுத்தி வைத்து நான் என்ன செய்வேன்? இரண்டு வாரம் யோசித்தேன். காயலாங்கடைக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து விலை பேசினார். உடைப்பு மையம் தருவதாகச் சொன்ன தொகையைவிடக் கூடுதலாகவே தருவதாகச் சொன்னார். "எது வேணும்னாலும் கழட்டி எடுத்துக்கங்க, ஸ்டியரிங் வேணுமா, ஸ்டியரிங் எடுத்துக்கங்க" என்றார். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பேச்சில் மனசு ஆடியது. ஆனால் பழைய ஆயிலைத் தரையில் கொட்டுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேட்டரி நீரைச் சாக்கடையில் ஊற்றுவதையும் பார்த்திருக்கிறேன். பதிவு பெற்ற மையத்தில் முதலில் டீசல், எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், பேட்டரி எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்த பிறகுதான் உடைப்பார்கள். என் வண்டியின் நம்பரைத் திருட்டு வண்டிக்கு ஒட்டி யாரும் ஓட்டவும் முடியாது. நான் சாப்பிட்டதெல்லாம் அந்த மலையும் அந்த மண்ணும் போட்டது. அதனால் உங்கள் வழியில் வந்தேன்.

இந்த இடத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். வண்டிமேல் பாசம் வைத்தவனை இன்றைக்குக் காயலாங்கடைதான் புரிந்து வைத்திருக்கிறது. ஸ்டியரிங்கையும் பானட் எழுத்தையும் கழற்றிக் கையில் கொடுக்கிறது. முறைப்படி நடக்கும் உங்களிடம் வந்தால் கையில் கிடைப்பது தாள் மட்டும். பத்துப் பேரில் எத்தனை பேர் உங்களிடம் வருவார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

புரட்டாசி நடுவில் வந்த ஆயுத பூசையை அதற்குக் கடைசிப் பூசை என்று தெரிந்தே செய்தோம். வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கி நகர்த்தினேன். வாங்கிய நாளில் ராஜகணபதி கோயில் முன்னால் வைத்த அதே நாலு எலுமிச்சம்பழக் கணக்கு. வீட்டுக்காரி அழவில்லை, ஆனால் அன்று சுண்டல் பொட்டலம் கட்டும்போது ஒன்று கூடுதலாகக் கட்டியிருந்தாள். அதை டேஷ்போர்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒப்படைப்பதற்கு முந்தின ராத்திரி, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் செய்கிற வேலையைச் செய்தேன். சேசிஸ் நம்பரின்மேல் ஒரு தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் பிரிண்ட் எடுத்தேன். எத்தனையோ தடவை அலுவலுக்காக எடுத்தது. அன்றைக்கு எனக்காக எடுத்தேன். ஓர் எழுத்து சரியாக விழவில்லை என்று இரண்டாவது தாளில் மறுபடியும் தேய்த்தேன். டார்ச்சைப் பேரன் பிடித்துக்கொண்டிருந்தான். "எதுக்கு தாத்தா?" என்றான். "ரேகை எடுக்கிறேன் கண்ணு" என்றேன்.

மறுநாள் அந்த மையத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். வாசலில் இருந்த தம்பி மரியாதையான பையன். தாள்களைச் சரிபார்த்தார், சாவியை வாங்கிக்கொண்டார், ஒப்படைத்ததற்கான சான்றிதழ் தந்தார். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் வாகன வரியில் சலுகை உண்டு என்றும் சொன்னார். நான் இனிப் புது வண்டி வாங்கப் போவதில்லை. "உள்ள வரைக்கும் வந்து பாத்துட்டுப் போகலாமா தம்பி?" என்று கேட்டேன். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெளியாட்களை விடக் கூடாதாம். பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி, நான் குறை சொல்லவில்லை. "அந்தச் சேசிஸ் நம்பர் துண்டு மட்டும் பின்னாடி கிடைக்குமா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அப்படிக் குடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க ஐயா" என்றார். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது தெரிந்தது.

வேறு ஒரு டிரைவர் என் வண்டியில் ஏறி உட்கார்ந்து உள்ளே கொண்டு போனார். இரண்டாவது கியர் துள்ளியது. எனக்குச் சத்தம் கேட்டது. விரலை வைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லவில்லையே என்று தோன்றியது.

எதிரே இருந்த டீக்கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதற்கு உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கே உடைத்துவிட மாட்டார்கள் என்பது தெரியும்.

எங்கள் தாத்தாவுக்கு வாழப்பாடிப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. வண்டிமாடு ஒரு ஜோடி வைத்திருந்தார். அதில் ஒன்று கிழடு தட்டிச் செத்தபோது நான் சின்னப் பையன். வயல் மூலையில் குழி வெட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, வேட்டி ஒன்றைப் போர்த்திப் புதைத்தார்கள். புதைப்பதற்கு முன்னால் தாத்தா அதன் கழுத்திலிருந்த வெண்கல மணியைக் கழற்றி எடுத்துக்கொண்டார். அந்த மணி இப்போது என் வீட்டு சாமி அலமாரியில் இருக்கிறது. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் யாரும் அதை வெண்கலத் துண்டு என்று நினைத்ததில்லை.

பெரியவர்களின் வண்டிகளுக்கு மரியாதை கிடைக்கத்தான் செய்கிறது. எம்.ஜி.ஆர். பயன்படுத்திய 4777 எண் அம்பாசடரைச் சென்னை தியாகராய நகர் நினைவு இல்லத்தில் பார்த்திருக்கிறேன், மக்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியை இந்திரா காந்தி கையிலிருந்து வாங்கியவர் டெல்லிக்காரர் ஹர்பால் சிங். அவர் 2010-ல் இறக்கும்வரை அந்தக் காரை விற்கவில்லை. இப்போது அதைப் புதுப்பித்து அந்த நிறுவனமே தன் தலைமை அலுவலகத்தில் வைத்திருக்கிறது. அம்பாசடர் உற்பத்தி மேற்கு வங்கத்தின் உத்தரப்பாராவில் 2014-ல் நின்றது. மூன்று வருடம் கழித்து அந்தப் பெயரை மட்டும் பெஜோ என்ற பிரெஞ்சுக் கார் நிறுவனம் 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. வெறும் பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதைப் பெரிய கம்பெனிகள் ஒப்புக்கொள்கின்றன. மும்பையில் 2023 அக்டோபர் முடிவில் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகளின் காலம் முடிந்தபோது, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வருத்தப்பட்டார்கள். ஓட்டியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

50 வருடம் தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனம் என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றும் ஒரு விதி 2021-லேயே வந்தது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். நல்ல விதி. கொட்டகையும் காசும் உள்ளவர்களுக்கு உதவும். என்னைப்போல வாசலில் நிறுத்துகிறவன் இன்னும் 25 வருடம் துருவோடு போராட முடியாது.

தகட்டைக் கொடுப்பதில் உள்ள சிக்கல் எனக்கும் புரிகிறது. சேசிஸ் நம்பர் துண்டு கெட்டவன் கையில் சிக்கினால் திருட்டு வண்டியில் பற்றவைத்துவிடுவான். அதற்காகத்தானே அதை வெட்டி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சரி, அதற்கு வழி இல்லாமல் இல்லை. தகட்டின் நடுவில், எண்களின் குறுக்கே இரண்டு துளை போட்டுவிடுங்கள். "உடைக்கப்பட்டது" என்று தேதியோடு குத்திவிடுங்கள். வண்டிப் பதிவுகளுக்கான அரசின் வாகன் இணையதளத்தில் அந்தப் பதிவு ஏற்கெனவே ரத்தாகியிருக்கும். யார் வாங்கிப் போனார் என்று ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். துளை போட்ட தகட்டை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. சாமி அலமாரியில் வைக்கத் துளை ஒரு குறையும் இல்லை.

அதற்குச் செலவாகும் என்றால் கட்டணம் வையுங்கள், கட்டுகிறோம். எல்லோரும் கேட்க மாட்டார்கள். வண்டியை ஒப்படைக்கக் கொடுக்கும் விண்ணப்பத்தில் "துண்டுத் தகடு வேண்டுமா?" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வேண்டாதவர்கள் வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். விதி டெல்லியில் போட்டது என்பது தெரியும். ஆனால் இந்த மையங்களைப் பதிவு செய்வதும் மேற்பார்வை பார்ப்பதும் மாநிலப் போக்குவரத்துத் துறைதான். உங்களால் எடுத்துச் சொல்ல முடியும், எங்களால் முடியாது.

முடிந்தால் இன்னொன்று. மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்கிறோம். வண்டியை உள்ளே எடுத்துப் போவதற்கு முன்னால் கால் மணி நேரம் தனியாக விடுங்கள். சூடம் கொளுத்தக் கூடாது என்றால் கொளுத்தவில்லை, டீசல் இருக்கும் இடத்தில் நெருப்பு வேண்டாம் என்பது எங்களுக்கும் தெரியும். நாலு எலுமிச்சம்பழம் மட்டும் வைத்துக்கொள்கிறோம். வந்தபோது வைத்தோம், போகும்போதும் வைத்தால்தானே முறை.

என் வண்டியை உடைத்துவிட்டதாகச் சான்றிதழ் கார்த்திகை 5-ஆம் தேதி வந்தது. வைகாசி முதல் வாரத்தில் ஆறு மாதம் முடிகிறது. அதுவரை அந்தத் துண்டு உங்களில் ஒருவருடைய அலமாரியில்தான் இருக்கும். அதற்குப் பிறகு அதைத் தூக்கிப் போட்டாலும் யாரும் கேட்க முடியாது. அதற்கு முன்னால் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன். பென்சில் பிரிண்ட் எடுத்த தாளைக் கொண்டுவருகிறேன். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஏற்காடு மலைப்பாதையில் வண்டி ஓட்டியவன்,
கோரிமேடு, சேலம்.